புயற்செய்தியும் பொறுப்புணர்வும்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசா மாநிலத்தின் பாராதீப் துறைமுகத்துக்கு அருகே ஒரு பெரும் சூறாவளி கரையைக் கடந்தது. மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. கடல் பொங்கி ஊர்களுக்குள் புகுந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் மக்கள் உயிரிழந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஜகத்சிங்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். இருபது ஆண்டுகள் கழிந்தன. 2019-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் அதே மாநிலத்தின் பூரி நகருக்கு அருகே ஃபானி என்ற கடும் புயல் கரையைக் கடந்தது. அதற்கு முன்பே ஏறத்தாழ 12 லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தனர். அம்மாநிலத்தில் உயிரிழந்தோர் தொகை 64.

அந்த அறுபத்து நான்கு உயிர்களும் அருமையானவையே. எனினும் பத்தாயிரத்துக்கும் அறுபத்து நான்குக்கும் இடையே உள்ள வேறுபாடு தற்செயலாக ஏற்பட்டதன்று. 1999-க்குப் பிறகு கட்டப்பட்ட புயற்பாதுகாப்பு இல்லங்கள், ஊர்தோறும் பயிற்சி பெற்ற தொண்டர்கள், மேம்பட்ட வானிலைக் கணிப்பு, இரவு பகலாக உழைத்த அலுவலர்கள் ஆகிய அனைத்தும் அதற்குக் காரணங்கள். இவை அனைத்துக்கும் அடிப்படையாக மற்றொன்றும் இருந்தது. அதுதான் நம்பிக்கை. "புயல் வருகிறது, வீட்டை விட்டு வெளியேறுங்கள்" என்று சொல்லப்பட்டபோது மக்கள் அதை நம்பினார்கள். ஆட்டையும் மாட்டையும் அடுப்பையும் விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள்.

இந்த நம்பிக்கை எளிதில் கிடைப்பதன்று, எளிதில் அழியக்கூடியது. அதை வளர்க்கவும் அழிக்கவும் ஆற்றல் பெற்ற கருவிகளுள் தலையாயது தொலைக்காட்சி. அண்மைக் காலத்தில் புயற்செய்திகளைப் பல அலைவரிசைகள் காட்டும் முறை பொறுப்புடைய பார்வையாளர்களுக்கும், பேரிடர்ப் பணியில் ஈடுபட்டுள்ள அலுவலர்களுக்கும், வானிலை வல்லுநர்களுக்கும் பெரும் மனச்சலிப்பை ஏற்படுத்தியுள்ளது. அந்தச் சலிப்பின் காரணங்களையும், அதனால் விளையக்கூடிய தீங்கையும், அதைக் களையும் வழிகளையும் ஆராய்வது இவ்வுரையின் நோக்கமாகும்.

எச்சரிக்கை என்னும் சங்கிலி

இந்தியாவில் புயல் எச்சரிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1864-ஆம் ஆண்டு கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரவர் மாண்டனர். அதற்கு அடுத்த ஆண்டே கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது. இன்று புதுதில்லியில் உள்ள அதன் புயல் மையம் இந்தியாவுக்கு மட்டுமின்றி, வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சார்ந்த பிற நாடுகளுக்கும் புயல் பற்றிய ஆலோசனைகளை வழங்கி வருகிறது.

புயல் எச்சரிக்கை நான்கு கட்டங்களாக வெளியிடப்படுகிறது. கடலோரத்தில் கடுமையான வானிலை தொடங்குவதற்கு 72 மணி நேரத்துக்கு முன்பு முதற்கட்டக் கண்காணிப்பு அறிவிப்பு வருகிறது. 48 மணி நேரத்துக்கு முன்பு விழிப்பு அறிவிப்பும், 24 மணி நேரத்துக்கு முன்பு எச்சரிக்கையும் வெளியாகின்றன. புயல் கரையைக் கடப்பதற்கு ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு முன்பு, கரை கடந்த பின் உள்நாட்டில் அது எவ்வாறு செல்லும் என்ற முன்னறிவிப்பு தரப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய பணிகள் வகுக்கப்பட்டுள்ளன. மீனவர்களைக் கரைக்கு அழைப்பது முதற்பணி. பிறகு பாதுகாப்பு இல்லங்களைத் திறந்து உணவும் குடிநீரும் சேர்த்து வைப்பது, தாழ்ந்த பகுதி மக்களை வெளியேற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது என்று பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுகின்றன.

இது ஒரு சங்கிலி. வானிலை வல்லுநரிடம் தொடங்கி, மாவட்ட ஆட்சித் தலைவர், வட்டாட்சியர், கிராம அலுவலர், ஊர்த் தொண்டர் வழியாகக் குடிசையில் உள்ள கடைசி மனிதரிடம் முடிகிறது. சங்கிலியின் பிற கண்ணிகள் எவ்வளவு வலுவாக இருந்தாலும், கடைசி மனிதர் நம்பவில்லையெனில் பயனில்லை. பேரிடர்க் காலங்களில் மக்களின் நடத்தையை ஆராய்ந்த அறிஞர்கள் ஓர் உண்மையைக் கண்டறிந்துள்ளனர். எச்சரிக்கையைக் கேட்டவுடன் மக்கள் பீதியுற்று ஓடுவது அரிது. பெரும்பாலோர் முதலில் ஐயுறுகிறார்கள். அண்டை வீட்டாரைக் கேட்கிறார்கள், வானொலியைத் திருப்புகிறார்கள், தொலைக்காட்சியைப் பார்க்கிறார்கள். பல இடங்களிலிருந்து ஒரே செய்தி வந்தால்தான் புறப்படுகிறார்கள். ஆகவே அலுவலர் ஒன்று சொல்ல, தொலைக்காட்சி வேறொன்று சொன்னால், புறப்படுவதற்கு உரிய நேரம் ஐயத்திலேயே கழிந்துவிடுகிறது.

தொலைக்காட்சியால் இயன்ற நற்பணி

தொலைக்காட்சி என்ற சாதனம் இயல்பிலேயே தீங்கானது என்று கருதுவது தவறு. 1961 செப்டம்பரில் கார்லா என்ற சூறாவளி அமெரிக்காவின் டெக்சாஸ் கரையை நெருங்கியபோது, ஓர் இளம் நிருபர் வானிலை நிலையத்துக்குச் சென்று ராடார் திரையில் தெரிந்த புயலின் உருவத்தின் மேல் அப்பகுதியின் நிலப்படத்தை வைத்துக் காட்டினார். புயல் எத்துணைப் பெரியது, தங்கள் ஊர் அதற்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதை மக்கள் ஒரே பார்வையில் புரிந்துகொண்டனர். லட்சக்கணக்கானோர் கரையை விட்டு வெளியேறினர். கூச்சலோ நடிப்போ அங்குத் தேவைப்படவில்லை. உண்மையை அளவோடு காட்டியதே போதுமானதாக இருந்தது.

இந்தியாவிலும் தொலைக்காட்சி மக்கள் கல்விக்கான கருவியாகவே போற்றப்பட்டது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. உழவு, உடல்நலம், கல்வி ஆகியவையே அவற்றின் பொருள். புயலுக்கு அடிக்கடி இலக்காகும் ஒடிசாவும் ஆந்திரமும் அந்த ஆறு மாநிலங்களுள் அடங்கும். பின்னர் இன்சாட் செயற்கைக்கோள்கள் வந்தபோது, கடலோர ஊர்களில் பொருத்தப்பட்ட கருவிகள் வழியாகப் புயல் எச்சரிக்கையை நேராகவே ஒலிபரப்பும் ஏற்பாடும் செய்யப்பட்டது. கடைசி மனிதரை உரிய நேரத்தில் அடைவதே இம்முயற்சிகள் அனைத்தின் குறிக்கோளாக இருந்தது. ஒரு செய்தி எத்தனை பேரைத் திரை முன்னே கட்டிவைத்தது என்பது அன்று அளவுகோலாக இருக்கவில்லை.

மிகைப்படுத்தலின் வகைகள்

இன்று பார்வையாளரைச் சலிப்புறச் செய்யும் மிகைப்படுத்தல் பல வகைப்பட்டது. அவற்றுள் முதலாவது, எண்களைக் கையாளும் முறை. காற்றின் வேகத்தை இந்திய வானிலை ஆய்வுத் துறை மூன்று நிமிடச் சராசரியாகக் கணக்கிடுகிறது. அமெரிக்க மையங்கள் ஒரு நிமிடச் சராசரியைக் கொள்கின்றன. குறுகிய நேரத்தின் சராசரி சற்று அதிகமாகவே இருக்கும். அதற்கும் மேலாக, சில நொடிகள் மட்டும் வீசும் வன்காற்றின் வேகம் தனியாகக் குறிப்பிடப்படுகிறது. "மணிக்கு 90 முதல் 100 கிலோமீட்டர், இடையிடையே 110 கிலோமீட்டர்" என்று அறிக்கை கூறும்போது, 110 என்ற எண் மட்டும் திரையில் சிவப்பு எழுத்தில் மின்னுகிறது. வேறொரு நாட்டு மையத்தின் கணிப்பு அதைவிடக் கூடுதலாக இருந்தால் அதுவே தலைப்பாகிறது. அளவுகள் வெவ்வேறு முறையில் எடுக்கப்பட்டவை என்று விளக்குவார் இல்லை. பார்வையாளரோ, ஒரே புயலுக்கு மூன்று வேகங்களைக் கேட்டு, எவருக்கும் உண்மை தெரியாது போலும் என்ற முடிவுக்கு வருகிறார்.

இரண்டாவது, துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றிய தவறான விளக்கம். இக்கூண்டுகள் அடிப்படையில் கப்பல்களுக்கும் துறைமுகத்தாருக்கும் உரியவை. 1, 2 எண்கள் தொலைவில் உள்ள புயலையும், 3, 4 எண்கள் துறைமுகத்துக்கான முன்னெச்சரிக்கையையும், 5 முதல் 7 வரை அபாயத்தையும், 8 முதல் 10 வரை பெரும் அபாயத்தையும் குறிக்கும். 11-ஆம் எண் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்பதைத் தெரிவிப்பது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. 8-ஆம் எண்ணுக்கும் 9-ஆம் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு கடுமையில் இல்லை, திசையில் உள்ளது. புயல் தன் பாதையில் துறைமுகத்தை இடப்புறம் விட்டுச் செல்லுமானால் 8. வலப்புறம் விட்டுச் செல்லுமானால் 9. துறைமுகத்தின் மீதோ அதற்கு மிக அருகிலோ கடக்குமானால் 10. ஆனால் "எட்டிலிருந்து ஒன்பதாக உயர்ந்தது அபாயம்" என்று அறிவிப்பாளர் உரத்த குரலில் கூறுவதை ஒவ்வொரு புயலின்போதும் கேட்க முடிகிறது.

மூன்றாவது, புயலின் பாதையை ஒரு கோடாகக் காட்டுவது. வானிலைத் துறை வெளியிடும் படத்தில் பாதையைச் சுற்றி, போகப்போக அகன்று செல்லும் கூம்பு போன்ற பகுதி ஒன்று வரையப்பட்டிருக்கும். புயலின் மையம் அப்பகுதிக்குள் எங்கும் செல்லக்கூடும் என்பதே அதன் பொருள். மேலும் மழையும் காற்றும் அக்கூம்புக்கு வெளியேயும் நெடுந்தொலைவு பரவும். இந்த ஐயப்பாட்டை நீக்கிவிட்டு, ஒரு கோட்டையும் ஒரு புள்ளியையும் மட்டும் காட்டும்போது, அப்புள்ளியில் இல்லாதவர்கள் தாங்கள் தப்பிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். அடுத்த அறிக்கையில் கோடு சிறிது நகர்ந்தால் "கணிப்பு பொய்த்தது" என்ற செய்தி வருகிறது. கணிப்பு பொய்க்கவில்லை, அது முழுமையாகக் காட்டப்படவில்லை என்பதே உண்மை.

நான்காவது, நடிப்பு. 2023 ஜூன் மாதம் பிபர்ஜாய் புயல் அரபிக் கடலில் பத்து நாட்கள் நிலைகொண்டு மெல்ல நகர்ந்தது. அந்நாட்களில் ஓர் அலைவரிசையின் அறிவிப்பாளர் ஒளிபரப்புக் கூடத்துக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, காற்றில் தள்ளாடுவதுபோல் செய்தி வாசித்த காட்சி நாடெங்கும் நகைப்புக்கு உள்ளாயிற்று. பின்னணியில் ஓடியது கணினியால் அமைந்த புயற்காட்சி. இது இந்நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 2018 செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் சூறாவளியின்போது அமெரிக்க நிருபர் ஒருவர் காற்றை எதிர்த்து நிற்க முடியாமல் திணறுவதுபோல் காட்சி தந்துகொண்டிருக்க, அவருக்குப் பின்னால் இருவர் இயல்பாக நடந்து சென்றதை உலகம் கண்டது. நகைப்புக்குரியதாகத் தோன்றும் இத்தகைய காட்சிகளின் விலை பெரிது. ஒருமுறை நடிப்பைக் கண்டுகொண்டவர், அடுத்த முறை உண்மையான காற்றைக் கண்டாலும் நடிப்பென்றே கருதுவார்.

ஐந்தாவது, பழைய காட்சிகளை நாளும் இடமும் குறிப்பிடாமல் காட்டுவது. வேறு ஆண்டில் வேறு கரையில் எடுக்கப்பட்ட அலைகள், இன்றைய புயலின் அலைகளாகத் திரும்பத் திரும்ப ஓடுகின்றன. வெளியூரில் வேலை செய்யும் மகன் அதைப் பார்த்துப் பதறி ஊருக்குத் தொலைபேசியில் பேசுகிறான். ஊரில் வெயில் அடிக்கிறது என்கிறார் தாய். அத்தாய் அன்று மாலை வரும் உண்மையான எச்சரிக்கையை எவ்வாறு ஏற்பார்?

மறைக்கப்படும் அபாயங்கள்

மிகைப்படுத்தல் என்பது அச்சத்தைக் கூட்டுவது மட்டும் அன்று. அது அச்சத்தைத் தவறான இடத்தில் வைக்கிறது. திரைக்கு ஏற்ற காட்சி காற்றும், சாயும் மரமும், சிதறும் அலையுமே. ஆனால் இந்தியக் கடலோரங்களில் மிகுதியான உயிர்களைக் கொன்றது காற்றன்று, நீர். 1977 நவம்பர் 19-ஆம் நாள் ஆந்திரத்தின் திவி சீமைப் பகுதியில் கடல் உட்புகுந்தபோது மாண்டோர் பல்லாயிரவர். 1999-இல் ஜகத்சிங்பூரில் நிகழ்ந்ததும் அதுவே. வங்கக் கடலின் வடபகுதி ஆழம் குறைந்தது. புயல் தள்ளும் நீர் பரவிச் செல்ல இடமின்றி மதில்போல் உயர்ந்து கரையேறுகிறது. இதை ஒரு நிலப்படம் கொண்டு ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். எந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைக் காட்டலாம். இருபத்து நான்கு மணி நேர ஒளிபரப்பில் இந்த ஐந்து நிமிடம் கிடைப்பது அரிதாக உள்ளது.

மழையின் நிலையும் இவ்வாறே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவில்லை. அது டிசம்பர் 5-ஆம் நாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே, சென்னைக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வடக்கே கரையைக் கடந்தது. ஆனால் அதற்கு முன்பே, டிசம்பர் 3, 4 தேதிகளில் கரையோரமாக மெல்ல நகர்ந்தபோது அது பொழிந்த மழையால் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. புயல் எங்கே, எத்தனை மணிக்குக் கரையைக் கடக்கும் என்ற ஒரே கேள்வியைச் சுற்றிச் செய்திகளை அமைப்பதில் உள்ள குறையை இந்நிகழ்ச்சி நன்கு உணர்த்துகிறது.

நிழற்படக் கருவி செல்ல இயலாத இடங்களும் உள்ளன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரி முனைக்கு அருகே மிக விரைவாக வலுப்பெற்றபோது, கன்னியாகுமரி மாவட்டத்தையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தனர். அவர்களுக்குக் கைபேசித் தொடர்பு இல்லை. தொலைக்காட்சியும் இல்லை. பலர் திரும்பவே இல்லை. 2021 மே 17-ஆம் நாள் தவ்தே புயலின்போது மும்பைக்கு அப்பால் கடலில் பி-305 என்ற மிதவைக் கலம் மூழ்கியது. அதிலும் ஓர் இழுவைப் படகிலும் இருந்த எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கரையில் மோதும் அலை திரைக்கு அழகானது. ஆனால் அபாயம் அப்போது கரையில் மட்டும் இருக்கவில்லை. இத்தகைய இடங்களுக்குத் தேவைப்படுவது உரிய காலத்தில், உரியவருக்குச் சென்று சேரும் அமைதியான ஒரு சொல்லேயாகும்.

விளையும் தீங்கு

இம்முறையால் விளையும் தீங்குகளை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, எச்சரிக்கைச் சலிப்பு. வங்கக் கடலில் தோன்றும் ஒவ்வொரு காற்றழுத்தத் தாழ்வு நிலையும் பேரழிவாக அறிவிக்கப்படுமானால், அவற்றுள் பெரும்பாலானவை வலுவிழந்து மறையும்போது மக்கள் எச்சரிக்கையையே புறக்கணிக்கத் தலைப்படுவர். புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதை எல்லோரும் அறிந்ததே. இங்குத் துன்பம் என்னவெனில், கூவியவர் ஒருவர். புலியின் முன்னே அகப்படுபவர் வேறொருவர். தொலைக்காட்சி நிலையம் தலைநகரில் உள்ளது. குடிசை கடலோரத்தில் உள்ளது.

இரண்டாவது, தீய முன்மாதிரி. இடுப்பளவு நீரில் நின்றும், அலை மோதும் தடுப்புச் சுவரில் சாய்ந்தும் நிருபர் செய்தி தருகிறார். "வெளியே வராதீர்கள்" என்று அவர் வாய் சொல்கிறது. அவர் நிற்கும் இடமோ வேறொன்றைச் சொல்கிறது. கைபேசியுடன் கடற்கரைக்கு வரும் இளைஞர் கூட்டம் பின்பற்றுவது அவர் சொல்லை அன்று. அந்த இளைஞர்களைத் திருப்பி அனுப்பக் காவலர்கள் தேவைப்படுகிறார்கள். அக்காவலர்கள் தாழ்ந்த பகுதியில் முதியோரைத் தூக்கிச் செல்ல வேண்டியவர்கள்.

மூன்றாவது, அலுவலர் நேரம் வீணாதல். பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. சரிபார்க்கப்படாத செய்தி ஒன்று ஒளிபரப்பானால், அதை மறுப்பதற்கும், மேலிடத்துக்கு விளக்கம் தருவதற்கும், தொடர்ந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு விடை கூறுவதற்கும் பல மணி நேரம் செலவாகிறது.

புயல் கடந்த பின்

மிகைப்படுத்தலின் மறுபக்கம் மறதி. புயல் கரையைக் கடந்த மறுநாள் நிழற்படக் கருவிகள் அடுத்த செய்தியைத் தேடிச் சென்றுவிடுகின்றன. மக்களின் துன்பமோ அப்போதுதான் தொடங்குகிறது. 2009 மே மாதம் அய்லா புயலில் சுந்தரவனப் பகுதியின் கரைகள் உடைந்து உப்புநீர் புகுந்த வயல்கள் மீண்டும் விளைச்சல் தரப் பல ஆண்டுகள் ஆயின. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் வீழ்த்திய தென்னை மரங்களுக்கு ஈடாக நட்ட கன்று காய்ப்பதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். ஃபானிக்குப் பிறகு பூரிப் பகுதியில் மின்சாரம் முழுமையாகத் திரும்பப் பல வாரங்கள் பிடித்தன. உயிரிழப்பு குறைந்ததால் அந்தப் புயல் சிறியதாயிற்று என்று பொருள் கொள்ளலாகாது. காற்றின் நேரத்துக்கு நூறு மணி நேரமும், மீட்பின் ஆண்டுகளுக்கு ஒரு மணி நேரமும் ஒதுக்கும் ஒளிபரப்பு, புயல் என்பதைப் பற்றியே தவறான கருத்தை நாட்டு மக்களிடம் உருவாக்குகிறது. இழப்பீடு வந்ததா, கரை மீண்டும் கட்டப்பட்டதா, பாதுகாப்பு இல்லத்தின் கூரை பழுதுபார்க்கப்பட்டதா என்ற கேள்விகளே அடுத்த புயலில் உயிர்களைக் காக்கும் கேள்விகளாகும்.

சட்டமும் அதன் எல்லையும்

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, பேரிடரைப் பற்றியோ அதன் கடுமையைப் பற்றியோ பொய்யான எச்சரிக்கையைப் பரப்பிப் பீதி விளைவிப்பவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ அபராதமோ விதிக்க வகை செய்கிறது. அதே சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி, வரவிருக்கும் பேரிடர் பற்றிய எச்சரிக்கைகளை வெளியிடுமாறு ஒலி, ஒளிபரப்புச் சாதனங்களைப் பணிக்குமாறு அரசுக்குப் பரிந்துரை செய்யலாம். கம்பிவழித் தொலைக்காட்சிக்கான நிகழ்ச்சி நெறிகள் பொய்யையும் அரை உண்மையையும் விலக்குகின்றன. 2024 ஆகஸ்டில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், இயற்கைப் பேரிடர்க் காட்சிகளில் அவை எடுக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் குறிப்பிடுமாறு தனியார் அலைவரிசைகளுக்கு அறிவுறுத்தியது. எளிமையும் பயனும் உள்ள ஏற்பாடு இது.

எனினும் சட்டத்தை மட்டும் நம்புவது சரியன்று. உரத்த குரலும் சிவப்பு எழுத்தும் பொய்யாகா. அவற்றைத் தண்டிக்க இயலாது. மேலும், பீதியைத் தடுப்பது என்ற பெயரில் நிவாரணக் குறைபாடுகளை வெளிப்படுத்தும் செய்தியைத் தடுக்க முற்பட்டால் அது பெருந்தீங்காகும். குடிநீர் வராத முகாமையும், பூட்டிக் கிடக்கும் பாதுகாப்பு இல்லத்தையும் காட்டும் நிருபர் நாட்டுக்குத் தொண்டு செய்கிறார். அவரையும், கூடத்துக்குள் குடை பிடிப்பவரையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

அலைவரிசைகளின் நிலையையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். அவை பலவாகப் பெருகியுள்ளன. நாள் முழுவதும் நிரப்ப வேண்டிய நேரம் உள்ளது. பார்வையாளர் எண்ணிக்கையைக் கொண்டே விளம்பர வருவாய் அமைகிறது. மெல்ல நகரும் புயலில் மணிக்கு மணி புதிதாகச் சொல்ல எதுவும் இருப்பதில்லை. அந்த வெற்றிடத்தையே கூச்சல் நிரப்புகிறது. ஆகவே அவ்வெற்றிடத்தைப் பயனுள்ள செய்தியால் நிரப்ப உதவுவதே நல்ல வழியாகும். இங்கு அலுவலர்களுக்கும் பங்கு உண்டு.

செய்யத்தக்கவை

மாவட்ட நிர்வாகம் புயற்காலத்தில் குறிப்பிட்ட நேரங்களில், பொறுப்புள்ள ஒரே அலுவலர் வாயிலாகச் செய்தி அறிவிப்பது நலம். வானிலைத் துறை புயல் நெருங்கும்போது மூன்று மணிக்கு ஒருமுறை அறிக்கை தருகிறது. அதையொட்டி மாவட்ட அறிவிப்பும் வருமானால் நிருபருக்குக் காத்திருக்க ஒரு காரணம் கிடைக்கும். செய்தி தர மறுக்கும் அலுவலகத்தின் வாயிலில்தான் வதந்தி முதலில் முளைக்கிறது. அறிக்கையின் மொழியும் எளிதாக இருத்தல் வேண்டும். "மணிக்கு இத்தனை கிலோமீட்டர்" என்பதோடு நில்லாமல், அக்காற்றில் ஓட்டுக்கூரை நிற்குமா, மின்கம்பம் சாயுமா, எந்தச் சாலை அறுபடும், எந்த ஊரில் நீர் எவ்வளவு உயரும் என்று கூற வேண்டும். எந்தப் பள்ளியில் முகாம், எந்த எண்ணுக்குத் தொலைபேசி, கால்நடைகளுக்கு என்ன ஏற்பாடு என்பவையும் அதில் இடம்பெறுதல் வேண்டும். கால்நடையை விட்டு வர மனமின்றி வீட்டிலேயே தங்கிவிடுபவர்கள் உண்டு என்பதை அலுவலர் அறிவர்.

தொலைக்காட்சி நிலையங்கள் வானிலை அறிவியலில் அடிப்படைப் பயிற்சி பெற்ற ஒருவரையேனும் அமர்த்திக்கொள்ளலாம். காற்றின் வேகம் எந்த முறையில் கணக்கிடப்பட்டது, பாதையில் உள்ள ஐயப்பாடு எவ்வளவு, கடல்நீர் எங்கே உட்புகும் என்பவற்றை அவர் விளக்கலாம். நிருபர்களை அபாயத்தில் நிறுத்தாமல் இருப்பது அவர்களின் உயிருக்கும் பார்வையாளரின் நலனுக்கும் ஒருங்கே ஏற்றது. ஒடிசாக் கடலோரத்தில் கோபுரங்களில் அமைந்த ஒலிப்பான்களும், கைபேசிகளுக்கு அனுப்பப்படும் வட்டார எச்சரிக்கைகளும் இன்று மக்களை நேரடியாக அடைகின்றன. அவற்றோடு போட்டியிடாமல், அவை கூறுவதையே தொலைக்காட்சியும் எதிரொலிக்குமானால் மக்களின் ஐயம் நீங்கும்.

மாணவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வீட்டில் தொலைக்காட்சியின் முன் கலங்கி அமர்ந்திருக்கும் பெற்றோருக்கு வானிலைத் துறையின் அறிக்கையை எடுத்துப் படித்துக் காட்டுவதும், கூண்டு எண்ணின் பொருளை விளக்குவதும், நாளற்ற காட்சியைப் பிறருக்கு அனுப்பாமல் இருப்பதும் எளிய செயல்களே. ஆனால் அவை ஊரெங்கும் நிகழுமானால் மிகைப்படுத்தலுக்குச் சந்தை குறைந்துவிடும்.

புயலைத் தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. அதன் வருகையை மூன்று நாட்களுக்கு முன்பே அறியும் ஆற்றலை அவன் பெற்றுள்ளான். பல தலைமுறை உழைப்பால் கிடைத்த அந்த மூன்று நாட்கள் மக்களுக்கு உரியவை. கடலோரக் குடிசை ஒன்றில் ஒரு தாய், வாயிலில் நிற்கும் ஊர்த் தொண்டரின் சொல்லைக் கேட்டுக் குழந்தையுடன் புறப்படுவதா, அல்லது சென்ற முறைபோல் இதுவும் வெறும் கூச்சல்தான் என்று கதவைச் சாத்திக்கொள்வதா என்று முடிவு செய்யும் நேரம் ஒவ்வொரு புயலின்போதும் வருகிறது. அந்நேரத்தில் தொலைக்காட்சியில் அவள் காண்பது, தொண்டர் சொன்னதற்குத் துணை நிற்பதாக இருத்தல் வேண்டும்.